தெல்லெர்வோவின் பேனாக் கோடு

மார்புப் புற்றுநோய் வார்டுக்குள் வரும் ஒவ்வொருத்தியின் மேலங்கியையும் தலைமை நர்ஸ் தெல்லெர்வோ முதலில் மோந்து பார்ப்பார். புகை நாற்றம் பட்டால் போச்சு. "மார்பை எடுத்தப்புறம் மிஞ்சுற தோலுக்குப் போற ரத்தமே கொஞ்சம்தான் பொண்ணே. அதையும் சிகரெட்டுக்குத் தாரை வாத்துட்டா தோல் செத்துப்போவும்" என்று சொல்லி, சிகரெட்டைப் பிடுங்கிக்கொண்டு உப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் திணிப்பார்.

கிழக்குப் பின்லாந்தின் அந்த ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் ஒன்பது ஆண்டுகள் அவருக்குக் கீழே நர்ஸாக இருந்தேன். உட்கார்ந்து காபி குடித்து அவரை நான் பார்த்ததில்லை. கட்டு இறுக்கமாக இருந்தால் கட்டிய டாக்டரையே கூப்பிட்டு, "இது மார்பா, உருளைக்கிழங்கு மூட்டையா?" என்பார். இப்போது தெற்கே வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். அந்த அதட்டல் இல்லாத காலைகள் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு ஜூன் மாதம். பள்ளிக்கூடச் சமையற்காரி இர்யா, அறுவை முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். சூடான நீராவிக் குளியலறையான சவுனா பக்கம் போகக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினோம். ஆனால் ஊரே சவுனாவில் உட்காரும் நடுக்கோடை விழா வந்துவிட்டதே! சவுனாவும் சாராயமும் பைன் மரத் தாரும் தீர்க்காத நோய் சாவில்தான் தீரும் என்று சொல்லி வளர்ந்த சனங்கள் நாங்கள். திரும்பி வந்தபோது தையலோரம் நாணயமளவு கருநீலத் திட்டு.

"சூடு கம்மியான கீழ்ப் பலகையிலதான் உக்காந்தேன் சிஸ்டர். சுடவே இல்ல!"

"எப்படிடீ சுடும்? அங்க நரம்பையே வெட்டியாச்சு. முப்பது வருஷம் அடுப்படியில நின்னவ, தான் வேகுறது தெரியாம உக்காந்திருக்கா பாரு!" என்றார் தெல்லெர்வோ.

கருமை பரவினால் செத்த தோலை வெட்டி, தொடையிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். அது ஆறும்வரை கீமோதெரபி தள்ளிப்போகும். இர்யாவுக்கு வந்திருந்தது காத்திருக்கிற ரக நோய் அல்ல. தெல்லெர்வோ கருமையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதினார். தினமும் களிம்பு, தளர்ந்த கட்டு, கோட்டின் மேல் கண். விடுப்பு நாளிலும் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். இர்யா ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கோடு போட்ட பதினோராம் நாள், கருமை கோட்டுக்குள்ளேயே காய்ந்து பொருக்காகி நின்றது. ஓரத்தை மட்டும் நறுக்கித் தைத்தால் போதும், கீமோ குறித்த நாளிலேயே தொடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"இப்பவாவது பாரு பொண்ணே."

"வேணாம் சிஸ்டர். பயமா இருக்கு."

தெல்லெர்வோ வற்புறுத்தவில்லை. இர்யாவின் கையைக் கழுவித் துடைத்து, அவர் விரலைப் பொருக்குக்குப் பக்கத்துத் தோலின்மேல் வைத்தார். மார்புக்கு அந்தத் தொடுகை தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

"வெதுவெதுன்னு இருக்கு" என்றபடி இர்யா மெல்ல முகத்தைத் திருப்பினார். அவர் பார்த்து முடிக்கும்வரை தெல்லெர்வோ அந்த விரலை விடவில்லை.