சிவப்புப் பொத்தானில் ஒரு சந்தனப் பொட்டு

எங்கள் பட்டறையில் துளை போடும் மெஷினின் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் அதைத் தட்டினால் மெஷின் அப்படியே நின்றுவிடும். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நடுவில் இன்னமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் விரல் பட்டு இழுபட்டிருக்கும். நாங்களெல்லாம் மெஷினின் நெற்றியில் பொட்டு வைப்போம், வாள் மேசைக்கு மாலை போடுவோம். என் சகலை மட்டும் ஒவ்வொரு மெஷினிலும் இந்தப் பொத்தானைத் தேடிப் போய்ப் பொட்டு வைப்பார். "ஓட்டுறதுக்கு இங்க எல்லாரும் இருக்கோம். நிப்பாட்டுறதுக்கு இவன் ஒருத்தன்தானே இருக்கான்" என்பார். அந்தப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதை எழுதும்போதும் எரிகிறது, பொய் சொல்வானேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மலேசியாவில், யோங் பெங் ஊரில் நாற்காலி, மேசை செய்யும் இந்தப் பட்டறையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். எங்கள் அப்பா அம்மா பால் வெட்டிய ரப்பர் மரத்தைத்தான் நாங்கள் நாற்காலிக் காலாக அறுத்துக்கொண்டிருந்தோம். நான் அவருக்கு மூன்று வருடம் மூத்த ஆள். வந்த புதிதில் "அண்ணே, இது எப்படி, அது எப்படி" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, அவரைக் கேட்க ஆரம்பித்தார். என் எரிச்சலின் ஆரம்பம் அங்கே.

அவர் வேலை செய்வதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் வந்ததும் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சோற்று டப்பாவுக்குள் போடுவார். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே இறுக்கிச் சுருட்டுவார். பிறகு ஒவ்வொரு மெஷினாகப் போய், ஓட்டிப் பார்த்து, அந்தச் சிவப்புப் பொத்தானைத் தட்டுவார். டக். நின்றதா, சரி. அடுத்த மெஷின். டக். வாளில் பலகையைக் கையால் தள்ளமாட்டார்; வால் மாதிரி வளைந்த ஒரு கட்டையைத் தானே செய்து வைத்திருந்தார், அதால்தான் கடைசி ஒரு சாணைத் தள்ளுவார். வாள் ஓடி முழுசாக நிற்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். நான் அறுத்து முடித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன், அவர் அப்போதுதான் வாளுக்கு மேலே மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். "என்ன சகல, பூசை முடிஞ்சிச்சா, நடை தொறக்கலாமா?" என்று எல்லோரும் கேட்கக் கத்துவேன். சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவே ஆகாது.

வீட்டிலும் அதே கதை. மாமியார் மீன் குழம்பு வைத்தால் தலை அவர் தட்டில் விழும். "சின்ன மாப்ள நிதானமான ஆளு" என்று மாமனார் சொல்லும்போது, நான் அவசரக்காரன் என்று சொல்வதாகவே என் காதில் விழும். என் மனைவியோ கேட்கவே வேண்டாம். என் பெருவிரலில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும், "தங்கச்சி வீட்டுக்காரரு கையைப் போய்ப் பாருங்க, அது கை" என்பாள். அது கையாம். அப்போது என் தோளில் தொங்குவது என்ன, முருங்கைக்காயா?

ஒன்பது பத்து வருடத்துக்கு முன்னால், மெஷின் பகுதிக்கு ஒரு மண்டோரை, அதாவது மேற்பார்வை பார்க்கும் ஆளை, நியமிக்கப்போவதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். நானா அவரா என்பதுதான் பேச்சு. அதே நேரத்தில் மாமியாருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தார். மாமனார் தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டார்: மருமகன்கள் இரண்டு பேரும் காப்புக் கட்டி, விரதம் இருந்து, பால்குடம் எடுக்க வேண்டும். அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது, நாங்கள்தான் பிள்ளைகள். பூசத்துக்குப் பதினோரு நாள் முன்னால் கோயிலில் குருக்கள் எங்கள் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். முடிச்சுப் போட்டு மிச்சக் கயிறு நான்கு விரல் நீளத்துக்குத் தொங்கியது. அதை நறுக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. சாமி காப்பில் கத்தரிக்கோல் வைப்பவன் எவன்? "பால் எறக்குற வரைக்கும் இது அறுகக் கூடாது மாப்ள. அவ உசுரு இதுலதான் கட்டியிருக்கு" என்றார் மாமனார். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலையில் சகலை நேரே தவுக்கேயிடம் போனார். காப்பு அவிழ்க்கும்வரை மெஷினில் நிற்கமுடியாது, பெட்டி கட்டும் வேலை கொடுங்கள் என்றார். கழற்றவும் கூடாது, நறுக்கவும் கூடாது, தொங்கும் கயிற்றோடு சுழலும் மெஷின் பக்கம் போகவும் கூடாது. அப்படியானால் தள்ளி நிற்பதுதான் வழி என்பது அவர் கணக்கு. எனக்கோ முருகனே நேரில் வந்து மண்டோர் வேலையை நீட்டியது போல இருந்தது. தவுக்கே என் பக்கம் திரும்பி, நீ மட்டும் சமாளிப்பாயா என்கிற மாதிரி "போலே கா?" என்றார். "போலே தவுக்கே, போலே!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கயிறு தொங்குவது தெரியாமல் இருக்க, அதைச் சுருட்டிவிட்டு மேலே ஒரு பருத்திக் கையுறையை மாட்டினேன். என்னைப் போல் புத்திசாலி உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

சகலை பார்த்துவிட்டார். "அண்ணே, கிளவுஸக் கழட்டுங்கண்ணே. சுத்துற மெஷினுக்கு கிளவுஸ் ஆகாது. நூல் ஒண்ணு மாட்டுனா கையையே இழுத்துரும்."

"நீங்க பொட்டியக் கட்டுங்க சகல. இங்க நான் பாத்துக்குறேன்."

அன்று மத்தியானம் அவர் பெட்டி கட்டும் மேசையை இழுத்துக்கொண்டு வந்து, என் மெஷினுக்கு மூன்றடி தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது. என்னை வேவு பார்க்கிறான், எங்கே தப்பு விடுவேன், தவுக்கேயிடம் போய் ஊதலாம் என்று காத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவர் தலை நிமிரும்போதெல்லாம் வேண்டுமென்றே இன்னும் வேகமாகத் துளை போட்டேன்.

நான்காம் நாள் நடந்தது. நாற்காலிக் காலைத் திருப்பி வைக்கிற அவசரத்தில், மெஷின் நிற்பதற்கு முன்னால் கையை உள்ளே நீட்டினேன். கையுறையின் விரல் நுனி சுழலும் கம்பியைத் தொட்டது. அவ்வளவுதான். துணி சுருண்டது, அதோடு காப்பும் சுருண்டது, கை முறுக்கிக்கொண்டு போனது. கத்தினேனா என்று நினைவில்லை. டக் என்ற அந்தச் சத்தம்தான் நினைவிருக்கிறது. சகலை பொத்தானைத் தட்டிவிட்டு, பெட்டி அறுக்கும் கத்தியால் துணியையும் கயிற்றையும் ஒரே வெட்டாக வெட்டி என் கையை வெளியே எடுத்தார். மோதிர விரல் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. பெருவிரல் அடியில் தோல் கிழிந்து தொங்கியது. மெஷின் நிற்க இன்னும் ஒரு நொடி ஆகியிருந்தால் மணிக்கட்டே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த மேசை எதற்காக அங்கே வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் விரலுக்காக அழவில்லை. "மாமா வருவாரு சகல, காப்பு எங்கன்னு கேப்பாரு, நான் என்னத்தச் சொல்வேன்" என்றுதான் அழுதேன். சகலை தன் காப்பின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, என் கைக்கட்டுக்கு மேலே, முழங்கைக்குக் கீழே கட்டிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நன்றாக அழுத்திச் சொல்கிறேன்: நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமனார் வந்தார். என் கைக்கட்டைப் பார்த்தார், மேலே காப்பைப் பார்த்தார், கும்பிட்டார். பிறகு சகலையின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"உங்க காப்பு எங்க சின்ன மாப்ள?"

"பொட்டி கட்டுற பட்டையில மாட்டி அறுந்துருச்சு மாமா."

மாமனார் முகம் கறுத்தது. "மெஷின்ல நின்னவரு கையில காப்பு இருக்கு. பொட்டி கட்டுனவரு அறுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு" என்றார். அதற்குமேல் அவரோடு பேசவில்லை.

பூசத்தன்று மாமனார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் ஒற்றைக் கையால் பால்குடம் எடுத்தேன். சகலை குடம் இல்லாமல், தண்ணீர்ப் புட்டியோடு எங்கள் பின்னால் நடந்து வந்தார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது. மண்டோர் வேலையைத் தவுக்கே அவருக்குக் கொடுத்துவிட்டார். போகட்டும், பட்டறை அவருக்கு, மாமா எனக்கு என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் மீன் தலை என் தட்டில் விழுந்தது. மாமியாருக்கு லேசாக மூச்சு வாங்கினாலும் மாமனார் சகலை வீட்டுத் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். நான் மீன் தலையைச் சப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து மாமியார் தவறிப்போனார். சவப்பெட்டியைத் தூக்க மருமகன்களைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். சகலை மறு முனைக்கு வந்து குனிந்தார். அதுவரைக்கும் அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டுப் பழகிய மாமனார், "நீ தொடாத" என்றார். அத்தனை பேர் நடுவில். சகலை நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். என் கொழுந்தியாள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். ஒடிந்த பிறகு மடங்காமலே போன விரலோடு நான் பெட்டியைத் தூக்கினேன், வாயைத் திறக்கவில்லை. இடுகாட்டில் கை கழுவும் இடத்தில் அவரிடம் ஏதோ சொல்லப் போனேன். "விடுங்கண்ணே" என்றார். இவர் என்ன மனுஷன், ஒருமுறையாவது என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டித் தொலைத்தால் என்ன என்று அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. மன்னிக்கிறதிலும் என்னை முந்த வேண்டுமா?

போன ஆயுத பூஜைக்கு மாமனாரைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். இப்போது அவர் எங்களோடு இருக்கிறார், கால் தள்ளாடுகிறது. தவுக்கே அரை நாள் விடுமுறை விட்டிருந்தார். பொரி, கடலை, மாலை எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தார். மாமனாரைக் கண்டதும் வழக்கம்போல் சகலை தள்ளியே நின்று, சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொத்தானாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். கடைசியாக அந்தத் துளை மெஷினுக்கு வைத்துவிட்டு நகர்ந்தார். மாமனார் அந்தப் பொட்டைக் காட்டி என் காதோரம் சொன்னார்: "பட்டனுக்கெல்லாம் பொட்டு வைக்கத் தெரியுது. சாமி காப்பக் காப்பாத்தத் தெரியல."

ஒன்பது வருடமாக எனக்கு இனித்த பேச்சு அது. அந்தப் பொத்தானுக்கு முன்னால் நின்று கேட்டபோது மட்டும் கசந்தது. பொரித் தட்டைப் பிடித்திருந்த என் கையில் அந்த ஒற்றை விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, அறுந்தது என் காப்பு" என்றேன். "இந்த மெஷின்ல, இதே எடத்துல. நான் போட்டிருந்தது அவரோட காப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் என்னைத் திட்டவில்லை. "அவ பொட்டியத் தொட விடலையே மாப்ள நான்" என்றார். "அத்தன பேரு முன்னால தொட விடலையே. அத இப்ப எங்க போய் அழுவேன்?"

ஊன்றுகோலை என் கையில் திணித்துவிட்டு, மெஷின்களைப் பிடித்துப் பிடித்து சகலையிடம் நடந்துபோனார். அவருடைய வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அதில் நெற்றியை வைத்து அழுதார். சகலைக்கு விஷயம் புரிந்துவிட்டது. "விடுங்க மாமா. அண்ணன் கை பொழச்சிச்சுல்ல, அது போதும்" என்றார். அவர் கண்ணிலும் நீர். தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் மனசு இளகியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் முதலில் வந்தது பொறாமைதான். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் கையைப் பிடித்து ஒருநாளும் அப்படி அழுததில்லை. அழும்படி நானும் எதையும் செய்ததில்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் மெல்ல உறைத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சகலையும் கொழுந்தியாளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மீன் தலை அவர் தட்டில் விழுந்தது. என் மனைவி எனக்கு வால் துண்டை வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைக்குப் போய்விட்டேன். மோதிரத்தைக் கழற்றிச் சோற்று டப்பாவில் போட்டேன். ஒவ்வொரு மெஷினாக ஓட்டிப் பார்த்துச் சிவப்புப் பொத்தானைத் தட்டினேன். டக். டக். துளை மெஷினில் தட்டியபோது சந்தனம் இன்னும் முழுசாகக் காயவில்லை, மடங்காத விரல் பட்டு ஓரம் இழுபட்டுவிட்டது. சகலை உள்ளே வந்து, எல்லாம் சோதித்து முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதே பழைய சிரிப்பைச் சிரித்தார். "என்னண்ணே, எனக்கு முன்னாலயே வந்துட்டீங்க?"

"சும்மாதான் சகல" என்றேன். இதிலாவது ஒரு நாள் அவரை முந்திப் பார்க்கலாமே என்றுதான்.