என் குரலுக்குச் சொன்ன ஓம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். அதனால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பேராசிரியர் கூப்பிட்டு, தொலைபேசியில் தமிழை விளங்கிக்கொள்ளும் கணினி ஒன்று செய்யப்போகிறோம், உன் உதவி வேண்டும் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் அறிவு, அரசாங்கத்தின் பணம், ஒரு தொலைபேசிக் கொம்பனியின் இயந்திரங்கள். மூன்றும் சேர்ந்தால், ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட ஆஸ்பத்திரிக்கு அழைத்து, ‘ஓம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லியே டொக்டரைப் பார்க்க நேரம் எடுக்கலாம். அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் ‘ஆமாம்’ என்றுதான் வைக்க வேண்டும் என்றார். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஸ்காபரோவில் அப்படிச் சொல்ல ஆளே இல்லை என்று வாதாடி வென்றேன்.

அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு மனிதர் ஓம் என்பதை மூக்கால் சொன்னார். இன்னொருவர் தலையை மட்டும் ஆட்டினார். கருவிக்குத் தலையாட்டல் கேட்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் மாடி அன்ரி சிரித்தார்.

“ஓம் எண்டு சொல்லுறதைப் பிடிக்கவோ பிள்ளை கம்பஸுக்குப் போறாய்? சரி, உதாலை எங்களுக்கு ஒரு கரைச்சலும் வராதே?”

“ஒரு தொல்லையும் வராது அன்ரி. ஆஸ்பத்திரிக்குத்தான்.”

இயந்திரம் கேட்கப்போகும் கேள்விகளை என் குரலிலேயே பதிவு செய்தார்கள். கடைசியில் கொம்பனி அனுப்பிய சில வசனங்களையும் வாசிக்கச் சொன்னார்கள். தொலைபேசிச் சேவையைப் பற்றியவை. இயந்திரத்தைச் சோதிக்க என்றார்கள், வாசித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. நான் ரெலிபோனில் கதைத்தேனாம். எங்கள் ரெலிபோன் இணைப்பை அந்தக் கொம்பனிக்கு மாற்றச் சம்மதமா என்று கேட்டேனாம்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டனான். நீ கேட்டு நான் இல்லையெண்டு சொல்லுவனோ?”

“அது நான் இல்லை அம்மா.”

“உன்ர குரல் எனக்குத் தெரியாதே?”

அந்தக் கட்டடத்தில் பல வீடுகளுக்கு அப்படி அழைப்பு வந்திருந்தது. பலர் ஓம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் என்னிடம் தந்த ஓம்களை வைத்துப் பழகிய இயந்திரம் அதைப் பிழையில்லாமல் விளங்கிக்கொண்டது.

அடுத்த நாள் பேராசிரியரிடம் போனேன். அவர் தடுமாறவில்லை. கூட்டு என்றால் எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கத்தானே வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி வேலை அடுத்த கட்டமாம்; அரசாங்கம் மறுபடி பணம் ஒதுக்கினால் பார்க்கலாமாம். தொடக்கத்திலேயே இப்படித்தான் ஒப்பந்தமாம், எனக்கு அது தெரியுமென்று நினைத்தாராம். ஆய்வுக் கட்டுரையில் என் பெயரும் வரும் என்று ஆறுதல் போலச் சொன்னார். ஒரு வருடமாக நான் ஆசைப்பட்ட விஷயம் அது. என் பெயர் வேண்டாம், என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அது இப்போது எங்களிடம் இல்லை என்றார். அந்த ‘எங்களிடம்’ என்பதற்குள் நான் எப்போதாவது இருந்தேனா என்று கேட்காமல் எழுந்து வந்தேன்.

திரும்பவும் வீடு வீடாகப் போனேன். என் குரல் வந்தால் இல்லை என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் மாடி அன்ரி கதவைப் பாதி திறந்தபடி கேட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அண்டைக்கு ஓம் சொல்லு எண்டாய். இண்டைக்கு இல்லை சொல்லு எண்டுறாய். நாளைக்கு என்னத்தோட வரப்போறாய் பிள்ளை?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

பல்கலைக்கழகத்துக்கோ அரசாங்கத்துக்கோ கொம்பனிக்கோ அந்தக் கட்டடத்தில் முகம் இல்லை. என் முகம் ஒன்றுதான் இருந்தது. அந்த முகத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.