நான் ஒளித்த தகடு

கலிபோர்னியாவின் சன்னிவேலில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் பழைய மீடியம் ஃபார்மட் பிலிம் கேமரா ஒன்றை வாங்கிய நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். லென்ஸ், பிலிம் பெட்டி, வியூஃபைண்டர் என்று எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். "பிலிம் பெட்டி ரெண்டு இருக்கு. ஒண்ணுல கலர், இன்னொண்ணுல பிளாக் அண்ட் ஒயிட் லோட் பண்ணிருக்கேன்டா. ரோல் பாதில இருந்தாலும் மாத்திக்கலாம்" என்பான். என் கேமராவில் ஒரு ரோல் போட்டால் முப்பத்தாறு படமும் முடியும்வரை அதற்கு வாழ்க்கைப்பட வேண்டியதுதான்.

என் மனைவியின் வளைகாப்பு எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸில் நடந்தது. படம் நான்தான் எடுப்பேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். வளைகாப்புக்கு முதல் நாள் அவள் சாதாரணமாக, "நீங்க சும்மா உக்காருங்க. உங்க ஃப்ரெண்டையே எடுக்கச் சொல்லிட்டேன். அவர் எடுத்தா நான் நல்லா இருக்கேன்" என்றாள். அது உண்மை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கேமராவைக் கண்ணில் வைத்தாலே அவள் விறைத்துவிடுவாள். அவன் இடுப்பருகே பிடித்துக் குனிந்து பார்ப்பதால் யாருக்கும் படம் எடுக்கிற நினைப்பே வராது.

கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்தான். வளையல் போடும்போது கலருக்கு மாற்றுவதாகத் திட்டம். பெட்டியைக் கழற்ற, பிலிமை மறைக்கும் மெல்லிய தகட்டை முதலில் செருக வேண்டும், இல்லாவிட்டால் கழலாது. அந்தத் தகட்டைப் பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். நான் எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். இவ்வளவு அற்பனாக என்னால் இருக்க முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

தேடினான். இன்னொரு பெட்டியின் தகட்டை உருவினால் அதிலிருக்கும் பிலிம் வெளிச்சம் பட்டு வீணாகும். "பரவால்ல, இதுலயே எடுத்துடறேன்" என்றான். எனக்கு உள்ளூரக் குளுகுளு என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "நீயும் ஒண்ணு போட்டு விடுப்பா" என்று வளையலை என் கையில் கொடுத்தார். போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. சிவப்பும் பச்சையுமான வளையல்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்று. என் கை அவள் மணிக்கட்டில் இருக்கிறது. அவள் என் முகத்தையே பார்த்துச் சிரிக்கிறாள். நான் அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.