டீச்சர் வண்டியில் விசில் சத்தம்

அந்தப் பக்கத்தில் போய் மெக்கானிக் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைக் கை காட்டுவார்கள். 'சும்மா இருக்க மாட்டாரே, அந்த மெக்கானிக்' என்று கேட்டுப் பாருங்கள், நேராக நம்ம ஆள் ஷெட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நல்ல வேலைக்காரர், அதில் பொய்யே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியை விட்டால் பிரேக்கைச் சரிசெய்து கொடுப்பார். கூடவே ஹாரனையும் கொஞ்சம் பார்த்துவிட்டிருப்பார். மறுநாள் அந்த வண்டிக்காரர் தெருமுனையில் ஹாரனைத் தொட்டால், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும்.

கம்பெனியில் செய்து அனுப்பியது அனுப்பியபடியே ஓடினால் மனுஷனுக்குக் கை அரிக்கும். அது ஒரு வியாதி. வீட்டு மிக்ஸிக்குத் துளை போடும் மெஷினின் மோட்டாரை மாட்டினார். மூடி பறந்து அடித்த வடு சமையலறைக் கூரையில் இன்னும் இருக்கிறது. அதோடு விட்டாரா? துணி துவைக்கிற மெஷின் சோம்பேறித்தனமாகப் பிழிகிறது என்று அதன் வேகத்தையும் கூட்டினார். அது பிழிந்த பிழியில் இருந்த இடத்தை விட்டு நடந்துபோய், குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டது. உள்ளே அவர் மனைவி. கத்திக் கத்தித் தொண்டை வற்றி, பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்து நெம்பிய பிறகுதான் அந்த அம்மாளால் வெளியே வர முடிந்தது.

வெளியே வந்தவர் ஈரத்தலையைக்கூடத் துவட்டவில்லை.

"இதான் கடைசி. இனிமே என்னைக் கேக்காம எதையாவது பிரிச்சீங்க, பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்பிடாதீங்க, வரமாட்டேன். முக்கியமா என் கார். அதுல மட்டும் கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சத்தியமா வைக்க மாட்டேன்மா," என்றார் மெக்கானிக்.

இந்த அம்மாள் சொன்னால் செய்கிற ரகம். கார் ஓட்டச் சொல்லித் தருவது அவர் தொழில். ஊருக்கே அவர் டீச்சர். இருப்பது ஒரே ஒரு சின்னக் கார், தலையில் மஞ்சள் பலகை, டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியும் அவரிடம் வந்தால் ஓட்டப் பழகிவிடுவான். கார் படுத்துவிட்டால் பாடமும் படுத்துவிடும், அவ்வளவுதான் விஷயம்.

ஒரே குறை, அந்தக் கார் ஏற்றத்தில் திணறும். ஊர் நடுவே ஒரு மேம்பாலம். மூன்று பேர் உட்கார்ந்து அதில் ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்கும். ஒருநாள் இன்னொரு டிரைவிங் ஸ்கூல்காரர், பெரிய மீசையும் பெரிய காரும் வைத்திருப்பவர், பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார். "என்ன டீச்சர், இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே போய்விட்டார். கூட இருந்த மாணவனும் சிரித்துவிட்டான். அன்றைக்கு டீச்சர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டார். மெக்கானிக்குக் காதில் புகை வந்தது.

அதனால்தான் செய்தார் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி கை அரிப்புதான், வேறென்ன.

கொஞ்ச நாளில் டீச்சரின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. டீச்சர் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறினார். பஸ் தெரு திரும்பியிருக்குமோ என்னவோ, சாவி ஆணியில் இல்லை.

லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நண்பரை மெக்கானிக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். எங்கோ நசுங்கிப்போன டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன டர்போ மெக்கானிக்கின் ஷெட்டில் வெகுநாளாகக் கிடந்தது. இரண்டு உள்ளங்கையில் அடங்கும், நத்தை ஓடு போல் இருக்கும். வெளியே போகிற புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் மறுபக்கத்துச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூட, பெட்ரோல் கூட, பலமும் கூட. வாயால் சொல்ல எவ்வளவு சுலபம்! லேத்துக்காரர் இரும்புத் தகடு அறுத்து, டர்போ உட்காரப் பீடம் கடைந்தார். மெக்கானிக் எஞ்சின் தலையைக் கழற்றி, அமுக்கம் குறையட்டும் என்று நடுவில் கனத்த கேஸ்கெட் தகடு வைத்தார். பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களை மாற்றினார். ஆயில் வந்துபோக இரண்டு குழாய் இழுத்தார், எஞ்சினுக்குப் பெட்ரோல் அளந்து விடும் கம்ப்யூட்டர் பெட்டியில் கணக்கைத் திருத்தினார். காற்றின் அழுத்தத்தை மட்டும் வெகு குறைவாக வைத்தார்.

"டீச்சர் கண்டுபிடிச்சா உன்னை உரிச்சுடுவாங்கடா," என்றார் லேத்துக்காரர்.

"எப்படிக் கண்டுபிடிப்பா? அவ மிதிக்கிற மிதிக்கு இது முழிச்சுக்கவே முழிச்சுக்காது. எஞ்சின் நல்லாக் கத்தணும், அப்பத்தான் டர்போ வேலை செய்யும். அவளும் மிதிக்க மாட்டா, மிதிக்கிற பையனையும் விடமாட்டா."

லேத்துக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்குடா இவ்வளவு பாடு படுற?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். "இருக்கட்டுமே, இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு போல்ட்டை முடுக்கினார். ஆள் எப்படி என்று இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

டீச்சர் திரும்பி வந்தார். முதல் நாள் பாடம் முடித்து வந்து, "என்னங்க, வண்டியில ஏதோ லேசா விசில் சத்தம் கேக்குது," என்றார்.

"ஃபேன் பெல்ட்டும்மா. பழசாயிடுச்சு."

"ஓ, ஃபேன் பெல்ட்டா," என்றார் டீச்சர்.

மெக்கானிக் அப்பாடா என்று மூச்சு விட்டார். ஆனாலும் பயம் விட்டபாடில்லை. டர்போ புகைந்துவிட்டால்? ஆயில் குழாய் பிய்த்துக்கொண்டால்? நடுரோட்டில் வண்டி நின்று டீச்சர் பானெட்டைத் தூக்கினால், வீட்டில் அவரும் கூரை வடுவும் மட்டும்தான் மிச்சம். டீச்சர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, வீட்டை ஒட்டியிருக்கும் ஷெட்டின் வாசலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பெட்ரோல் முன்னைவிடக் கூடக் குடித்தது. முன் டயர் தேய்ந்தது. எந்தத் தடிப்பயலோ டீச்சர் அசந்த நேரம் பார்த்து மிதிக்கிறான் என்று முகம் தெரியாத அந்த மாணவனை மெக்கானிக் மனதுக்குள் கண்டபடி திட்டித் தீர்த்தார். டிக்கியைத் திறந்தால் ஒரு பெட்டி வேறு கிடந்தது. கேட்டதற்கு, பழைய துணி, யாருக்காவது கொடுக்கணும் என்றார் டீச்சர். வீட்டுக்கு வந்ததும் உடனே இறங்காமல் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பாவம், கத்திக் கத்திக் களைத்துப்போய் வருகிறாள் என்று மெக்கானிக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாலை மீசைக்காரரின் பெரிய கார் ஷெட்டு வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, டீச்சர் வண்டிக்கு என்ன பண்ணீங்களோ அதை எனக்கும் பண்ணிக் குடுங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார் மெக்கானிக். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"யாரு காதுல பூ சுத்துறீங்க? பசங்களை இறக்கி விட்டுட்டுத் தனியா வர்றாங்க. மேம்பாலம் ஏறும்போது சர்ருனு என்னைத் தாண்டிப் போறாங்க. போனாப் போறாங்கன்னு விட்டுடலாம். பக்கத்துல வந்து கண்ணாடியை இறக்கி, 'என்ன சார், இறங்கித் தள்ளட்டுமா?'ங்கிறாங்க! ஒரு தடவை இல்லண்ணே, பாக்கும்போதெல்லாம்!"

"நீங்க வேற யாரையோ பாத்திருப்பீங்க."

"மஞ்சள் பலகையோட இன்னொரு ராக்கெட்டு இந்த ஊர்ல எங்க இருக்கு?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் மெக்கானிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பின்னாலேயே டீச்சரின் கார் வந்து வீட்டு வாசலில் நின்றது. வழக்கம் போல் டீச்சர் இறங்கவில்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. களைத்துப்போனவள் எஞ்சினை அணைத்துவிட்டல்லவா உட்கார்ந்திருப்பாள்?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டர்போ வண்டியை விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் உடனே அணைக்கக் கூடாது. சக்கரம் சூடாறும் வரை ஆயில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கருகிப் போகும். இதை இந்த ஊரில் எவன் டீச்சருக்குச் சொல்லியிருப்பான்? ஒருவருமில்லை, இவரைத் தவிர. கல்யாணமான நாளிலிருந்து சோற்றைப் பிசைந்தபடி, டர்போ அப்படி, டர்போ இப்படி, ஓடி வந்தவனை உடனே படுக்கச் சொல்லக் கூடாது என்று இவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 'பேசாம சாப்பிடுங்க, ஆறிப்போகுது' என்பதைத் தவிர அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. சுவரிடம் பேசுவதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவையும் காதில் வாங்கியிருக்கிறாளே! மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

போய்க் கார் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் அமைதியாக முனகிக்கொண்டிருந்தது.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"ஃபேன் பெல்ட்டுன்னு சொன்னீங்கல்ல, மறுநாள் காலையில பானெட்டைத் தூக்கிப் பாத்தேன். நீங்க ஷெட்டுல இருந்தீங்க."

"கோவம் வரலையா?"

"வராம? அப்பவே பெட்டியைக் கட்டி டிக்கியில போட்டுட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அவ்வளவு ஆத்திரம். பொறந்ததுலேருந்து ஆக்ஸிலேட்டரை அந்த மிதி மிதிச்சதில்ல. மேம்பாலத்துக்குக் கீழ வச்சு மிதிச்சேன் பாருங்க..." டீச்சர் சொல்லவந்ததை நிறுத்தி ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "உச்சிக்குப் போனப்பத்தான் மூச்சே விட்டேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"அந்தப் பக்கம் இறங்கினதும் வண்டியைத் திருப்பிட்டேன். இன்னொரு தடவை ஏறணும் போல இருந்துது. அப்புறம் இன்னொரு தடவை. அதுக்குள்ள பாடத்துக்கு நேரமாயிடுச்சு."

மெக்கானிக் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழித்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் தினம் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"தெரியும். ஷெட்டு வாசல்ல எட்டி எட்டிப் பாப்பீங்களே! கேக்காமப் பிரிச்சதுக்கு அது வேணும்."

"சரி, தப்புதான். பெட்டியை உள்ள எடுத்து வச்சிடட்டுமா?"

"எடுங்க, கை இருக்காது," என்றார் டீச்சர். "அது டிக்கியிலயே இருக்கட்டும். பெட்டியோட ஏறினாத்தான் எனக்கு அந்தக் கோவம் வருது, கோவம் வந்தாத்தான் நல்லா மிதிக்க முடியுது."

பிறகு அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "ஆறியிருக்கும்ல? அணைச்சிடலாமா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம் போகட்டும்," என்றார் மெக்கானிக். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.