கமர் ஜஹான் போட்ட அடிக்குறிப்பு

பாலக்கரை கமர் ஜஹான், ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் செய்த வாணிபமே அவள் எடுத்துக்கொண்ட பொருள். நூலகத்தில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் எழுதியது. நம் ஆட்களே எழுதியது எங்கே என்று தேடி, தெரிந்தவர் வீடுகளில் அடுக்களை வரைக்கும் போனாள். டிரங்குப் பெட்டிகளின் அடியில் ரங்கூனில் அச்சான பழைய பத்திரிகைகள் கிடைத்தன. அன்று அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையைப் படைத்தவன் மட்டுமே அறிவான்.

அவளுடைய வழிகாட்டி ஸ்ரீரங்கத்துப் பேராசிரியர் வரதாச்சாரி. அந்தப் பத்திரிகைகளை அவள் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்த அத்தியாயங்களைப் புரட்டினார். மூலம் அரபு எழுத்தில் அச்சானது என்று முதல் பக்கத்தில் குறித்திருந்தாள்.

"இதையெல்லாம் ஆதாரம்னு எவனும் ஒத்துக்க மாட்டாம்மா. கல்யாணம் பண்ணிண்டு சௌக்கியமா இரு."

அவள் ஆராய்ச்சி அத்தோடு நின்றது. மறு வருஷம் அவர் பெயரில் தமிழில் ஒரு புத்தகம் வந்தது. வரிக்கு வரி அவளுடையது. அவள் பெயர்தான் எங்கும் இல்லை. அட்டையில் மட்டும், 'அரபு மொழியிலிருந்து நேரடியாகப் பெயர்த்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் அவள் கண்ணீர் சட்டென்று நின்றது. உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. பார்த்தவர்கள் பயந்திருப்பார்கள்!

1963-ல் ஸ்ரீரங்கத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். கமர் ஜஹான் எழுந்து நின்றாள்.

"சார், மூலத்த நீங்களே படிச்சீங்களா?"

"பின்னே? மூணு மாசம் கண் முழிச்சு அரபியிலேர்ந்து பண்ணினேன்."

"அரபியிலேர்ந்தா?"

"இல்லே, லத்தீன்லேர்ந்து!"

சபை சிரித்தது. அவள் மேடையேறி, பழுப்பேறிய ரங்கூன் பத்திரிகைத் தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு வரி படிங்க சார்."

அவர் விரல் இடது ஓரத்தில் போய் நின்றது. வலமிருந்து படிக்க வேண்டிய எழுத்து அது. முன்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவள் தாளை வாங்கி வாசித்தாள்:

"அரிசி மூட்டை ஏற்றும் நம் சகோதரர்களுக்குக் கூலி குறைந்துவிட்டது..."

"அட, தமிழால்ல இருக்கு!" என்றது ஒரு குரல்.

"தமிழ்தாங்க. எழுத்து மட்டும் அரபி. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க, படிப்பாங்க. தமிழத் தமிழாக்கத்தான் சாருக்கு மூணு மாசம் ஆயிருக்கு."

போட்ட மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார் வரதாச்சாரி.

அதோடு அவள் விடவில்லை. வேறொரு கல்லூரியில் ஆராய்ச்சியை முடித்து, தன் பெயரில் புத்தகம் போட்டாள். அதில் ஓர் அடிக்குறிப்பு: அவர் புத்தகத்தின் பெயர், கீழே 'மூலத்தைக் கண்ணால் காணாதவர் செய்த மொழிபெயர்ப்பு'.

ஒருநாள் பாலக்கரைச் சந்தில் அவள் வாசலில் வந்து நின்றார் அவர்.

"அடுத்த பதிப்புல அந்த அடிக்குறிப்பை எடுத்துடும்மா. கெஞ்சிக் கேக்கறேன். ஆராய்ச்சி பண்றவாள்லாம் அதைத்தான் முதல்ல பாக்கறா."

"அது ஆதாரம் சார். ஆதாரத்த மறைக்கிறது உங்க பழக்கம். எனக்கு வராது."

கதவைச் சாத்திவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். அடுத்த பதிப்புக்கான அச்சுத் தாள்கள் அங்கே காத்திருந்தன. சிறிய எழுத்தில் இருந்த அந்த அடிக்குறிப்பைப் பெரிய எழுத்தில் போடும்படி ஓரத்தில் எழுதினாள்.