லூப்பே அத்தையின் கட்டளை

என் மைத்துனன் கிதியோனே ஒருநாள் காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து வெறும் தரையில் உட்கார்ந்தான். எங்கள் தீவு வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றியிருந்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற நல்ல பாய். மடியில் மடித்து வைத்த இன்னொரு பாய். அது அவன் அம்மா காலத்திலிருந்து யார் கல்யாணத்துக்கும் எடுக்காமல் பெட்டியில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். டோங்காவில் ஒருவன் இப்படி வந்து உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். என்ன தப்புக்கு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

"அத்தான், அக்காகிட்ட சொல்லுங்க," என்றான். "என் பொண்ணு சியாலேவுக்கு மூணு நாளா காய்ச்சல். உடம்பு அனலா கொதிக்குது. அக்கா மனசு நொந்திருந்தா மன்னிச்சிடச் சொல்லுங்க."

அவன் அக்கா, அதாவது என் மனைவி லூப்பே, கதவுக்கு அந்தப் பக்கம் பாய் பின்ன ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் எழுந்து உள்ளே போய்ச் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நான்தான் டெலிபோன்.

எங்கள் ஊரில் தம்பிக்கு மீசை அரும்பிவிட்டால் அக்கா இருக்கும் அறையில் அவன் இருக்க மாட்டான். அவள் முன்னால் சாப்பிட மாட்டான், சிரிக்க மாட்டான், அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டான். இதற்கு மரியாதை என்று பேர். கிதியோனே இந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்காதவன். எங்கள் வீட்டில் டிவியில் யாராவது முத்தம் கொடுத்தால் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவன் வெட்கப்படுவான் என்று நான் கேலி செய்வதுண்டு. பேசாத தம்பிதான், ஆனால் வலையில் விழுந்த முதல் மீன் விடிவதற்குள் எங்கள் கொல்லைப்புறத்தில் தொங்கும். லூப்பே அதைக் கழுவும்போது மட்டும் யாரோடும் பேச மாட்டாள்.

மன்னிப்புக்குக் காரணம் அவனே சொன்னான். குழந்தை பிறந்தபோது பெயர் வைக்கிற உரிமை அத்தைக்கு. அவன் மனைவி ஓஃபாவின் ஆட்கள் அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள். அத்தையின் மனம் நொந்தால் குழந்தையின் உடம்பு கெடும் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் முடிவு. காய்ச்சல் வந்த முதல் நாளே அவர்கள் கூடிப் பேசி இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓஃபா அப்போது ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் குழந்தையை நேராக நர்ஸிடம் தூக்கிப் போயிருப்பாள். இவன் பாயோடு சொல்லப் பொருத்தமான வார்த்தைகளைத் தேடி இரண்டு நாளை வீணடித்திருக்கிறான்.

நான் உள்ளே போய் வாயைத் திறப்பதற்குள் லூப்பே வெளியே வந்துவிட்டாள். அவன் அதற்குள் மடியிலிருந்து எடுத்துத் தரையில் விரித்து வைத்திருந்த பாயைப் பார்த்தாள். அதை ஒரே எட்டில் தாண்டினாள். அம்மாவின் பாயைத் தாண்டியதைப் பார்த்து கிதியோனே கண்ணை மூடிக்கொண்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் வீட்டுக்கு ஓடினாள்.

லூப்பே என்றால் எங்கள் மொழியில் புறா. பெயர் வைத்தவர்கள் அவளைப் பிறந்த அன்று மட்டும் பார்த்தவர்கள். அவள் நடந்தால் பலகை வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போடும். சிரித்தால் பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவள் அன்று ஓடினாள், நான் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன்.

"நிஜமாவே மனசு நொந்திருந்தியா?" என்று ஓடிக்கொண்டே கேட்டேன்.

"நொந்துது. இல்லைன்னு எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள். "ஆனா என் மனசு என்ன கொசுவா, பறந்து போய்ப் புள்ளையக் கடிக்க?"

மூன்று வயதுக் குழந்தை துவண்ட கீரைத்தண்டாகக் கிடந்தது. லூப்பே அதைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். எங்கள் சின்னத் தீவில் அது இரண்டே அறை. முன்னறையில் மருந்து, பின்னறையில் ஒரு கட்டில். அந்த மாதம் டெங்கு வீட்டுக்கு வீடு வந்திருந்தது. நர்ஸ் அலிசி குழந்தையைத் தொட்டுப் பார்த்ததும் கத்தினாள்.

"மூணு நாளா இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

"பாய் மடிச்சிட்டிருந்தாங்க," என்றாள் லூப்பே.

கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய தீவில் இருக்கும் பாங்காய் ஊர் ஆஸ்பத்திரி டாக்டருக்கு அலிசி போன் போட்டாள். உடனே கொண்டுவரச் சொன்னார். எதில் கொண்டு போவது? காற்று கிளம்பி, பவளப் பாறைக்கு மேலே அலை எகிறிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு கடலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சலைன் ஏற்றலாம் என்று அலிசி முயன்றாள். அந்தப் பூப்போன்ற கையில் ஊசி நிற்கவில்லை.

"வாய் வழியாதான் கொடுக்கணும்," என்றாள். "உப்புச் சர்க்கரைத் தண்ணி, இளநீர், எதுவானாலும் சரி. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. துப்பினாலும் கொடுக்கணும், தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்கணும். காத்து அடங்குற வரைக்கும் இந்தத் தண்ணிதான் உயிரைப் பிடிச்சு வைக்கும். விட்டீங்கன்னா புள்ளைய விட்டீங்க."

சியாலே அலிசியின் மேல் துப்பினாள். பைபிளோடும் ஆரஞ்சுப் பழங்களோடும் வந்த போதகரின் மனைவி மேல் துப்பினாள். அத்தையின் முகத்திலேயே துப்பினாள். எங்கள் குடும்பங்களில் அத்தை முகத்துக்கு நேரே யாரும் தும்மக்கூட மாட்டார்கள். லூப்பே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குறி தப்பல பாரு," என்றாள். அம்மா ஊருக்குப் போனதிலிருந்து குழந்தை அப்பா கையால் மட்டுமே சாப்பிட்டுப் பழகியிருந்தது. அவன் கையைப் பார்த்தால்தான் வாய் திறந்தது.

ஆக, அவன் உள்ளே இருக்க வேண்டும். அவன் உள்ளே என்றால் அவள் வெளியே. சன்னலுக்கு வெளியே, மழை சொட்டும் தாழ்வாரத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு லூப்பே உட்கார்ந்தாள். வாசலில் நான்.

"குடிச்சாளான்னு கேளு."

நான் உள்ளே திரும்பினேன். "குடிச்சாளா?"

"குடிச்சான்னு சொல்லுங்க அத்தான்."

"குடிச்சாளாம்."

"எனக்குக் காது இருக்கு, மனாசே."

"அப்ப என்னை எதுக்கு நடுவுல கேக்குற?"

"மரியாதை. உனக்கெல்லாம் புரியாது."

அன்று முழுவதும் அவள் அந்த வாளியை விட்டு எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு பலகைச் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே குழந்தைக்காக உருகுகிறார்கள், நடுவில் நான் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. கிதியோனேயின் சித்தப்பா பிள்ளைகள் வாசலில் கூடிக் கைதட்டினார்கள். மன்னிப்பு பலித்துவிட்டதாம். ஒருவன் பன்றியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டே வந்துவிட்டான். விருந்து எப்போது என்று பேச்சு கிளம்பியது. அலிசி வெளியே வந்து அவர்களைப் பார்த்த பார்வையில் பன்றியே பின்வாங்கியது.

"யாருக்கு விருந்து? காய்ச்சல் விடுற நேரத்துலதான் இந்த நோய் ஆளைக் கவுக்கும். நேத்து ராத்திரியிலேர்ந்து புள்ள ஒண்ணுக்குப் போகல. வயிறு வலிக்குதுங்குது. இப்பத்தான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும். அது ஒண்ணுக்குப் போனா எனக்கு நம்பிக்கை வரும். அதுவரைக்கும் எல்லாரும் கிளம்புங்க."

கிளம்பினார்கள். மதியத்துக்கு மேல் உள்ளே அழுகை கேட்டது, பிறகு முனகல், பிறகு அதுவும் இல்லை. லூப்பே கேட்கச் சொன்னாள், நான் எட்டிப் பார்க்காமலே கேட்டேன், "குடிச்சா அத்தான்," என்று பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்.

"கரண்டி சத்தமே கேக்கலையே," என்றாள் லூப்பே.

வாளியின் மேல் ஏறி நின்று சன்னலின் கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். நானும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கோப்பை விளிம்பு வரை நிறைந்திருந்தது. குழந்தை உதடு காய்ந்து கிடந்தது. கிதியோனே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லூப்பே சன்னல் வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும், கையை வெடுக்கென்று இழுத்தாள்.

அடுத்து வாளி உருண்டது. சுற்றி வந்து என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் கிதியோனே துள்ளி எழுந்தான். அறைக்கு ஒரே வாசல், அதை அவள் முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றாள். பாவம், சன்னலைப் பார்த்தான். ஏறிக் குதிக்க ஒரு காலைக்கூடத் தூக்கிவிட்டான்.

"உக்காரு."

"அக்கா, நான் வெளிய போயிடறேன், நீங்க..."

"உக்காருன்னு சொன்னேன். உன் அக்கா சொல்றேன். இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இப்பக் கேக்குறேன். உக்காரு, புள்ளைய மடியில எடுத்து வை."

இது சாதாரணப் பேச்சல்ல. எங்கள் முறையில் அக்கா தம்பியைவிட ஒரு படி மேல். அவள் கேட்டதைத் தம்பி மறுக்க முடியாது. வீடு கேட்டாலும் படகு கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். சில அக்காமார் இதை வைத்தே தம்பியின் தோட்டத்தைக் காலி செய்வார்கள். லூப்பே ஒரு கிழங்குகூடக் கேட்டதில்லை. கேட்டால் அவன் மறுக்க மாட்டான் என்பதாலேயே கேட்கவில்லை. இன்று முதல்முறையாகக் கேட்கிறாள், அதுவும் அவன் உயிரே போனாலும் செய்யக் கூடாத ஒன்றை. உட்கார்ந்தால் மரியாதை போயிற்று. எழுந்து போனால் அக்காவின் சொல்லை மீறியதாயிற்று. அவன் முகம் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். கடைசியில் உட்கார்ந்தான், சுவரைப் பார்த்தபடி.

"சுவத்துக்கா ஊட்டப் போற? இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "கெஞ்சறாக்கா. தூங்க விடுப்பா, தூங்க விடுப்பான்னு கெஞ்சறா. எப்படிக்கா ஊத்துறது? என்னால முடியல."

"கெஞ்சட்டும். கெஞ்சத் தெம்பு இருக்கே, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லு. நீ அப்பா, நீ கொஞ்சு. நான் அத்தை, எல்லா வசவையும் நான் வாங்கிக்கிறேன். கரண்டியக் கொண்டா."

அந்த மதியம் அவர்கள் செய்ததுபோல் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அவன் காதோரம் குனிந்து மீன் கதை சொல்வான், குழந்தையின் வாய் லேசாகத் திறக்கும், அந்த நொடியில் அவள் கரண்டியை உள்ளே விடுவாள். கொடுத்ததெல்லாம் ஒருமுறை அவள் மார்பின் மேலேயே வந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அவன் சோர்ந்தபோது திட்டினாள். அவன் அழுதபோது கடலைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், வாசலில் நின்ற என்னையும் சேர்த்துத் திட்டினாள்.

"அப்பா, அத்தை ஏன் உள்ள வந்தாங்க?" என்று குழந்தை ஈனசுரத்தில் கேட்டது.

"வழி தவறி வந்துட்டேன்டி," என்றாள் லூப்பே.

கிதியோனே சிரித்துவிட்டான். மீசை முளைத்தபின் அக்காவின் எதிரில் அவன் சிரித்தது அதுதான் முதல்முறை. சிரித்தபின் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான். அவளோ ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த கரண்டியைக் கலக்கினாள். நான் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாலையில் கிதியோனே திடீரென்று, "அக்கா," என்றான். "மடி ஈரமா இருக்கு."

"என்னது?"

"ஈரம். சூடா."

லூப்பே அவன் மடியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் முன்னறையில் மருந்து பாட்டில்கள் அதிர்ந்தன. அலிசி ஓடி வந்து நாடியைப் பிடித்தாள், பாதத்தைத் தொட்டாள், வயிற்றை அமுக்கினாள், அப்புறம் தன் தலைத்துணியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கால்ல சூடு வந்திடுச்சு. இனிமே பயமில்ல. கொடுக்கறத மட்டும் நிறுத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பாங்காய்க்குப் போன் செய்யப் போனாள்.

நான் செய்தியை ஊருக்குச் சொல்லக் கிளம்பினேன். பன்றிக்காரர்கள் தெருமுனையில் காத்திருப்பது தெரிந்தது. போதகரும் குடையோடு வந்துகொண்டிருந்தார்.

"மனாசே," என்று லூப்பே உள்ளிருந்து கூப்பிட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். குழந்தை அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கிதியோனேயும் தூங்கியிருந்தான். அவன் தலை அக்காவின் தோளில் சாய்ந்திருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்து, ஒரு கையால் கரண்டியைக் கோப்பையில் தோய்த்துக் குழந்தையின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"சன்னலைச் சாத்திடு," என்றாள். "யாரும் பாத்துடப் போறாங்க. முழிச்சா வெட்கத்துல செத்துடுவான்."

நான் சன்னலைச் சாத்தினேன். வாசல் கதவையும் சாத்திவிட்டு, அதன் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் உள்ளே குழந்தையும் அத்தையும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.