நேராய் நடந்த கால்

இடுப்பு மூட்டு மாற்றியபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எலும்புக்கு இரத்தம் ஓடாமல் வந்த வருத்தம். கொழும்பில் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்து, தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பாழாய்ப்போன சண்டைக் காலத்தில்தான் அது தேய்ந்து, அக்கா நொண்டத் தொடங்கினாள்.

அவள் திருகோணமலை நகரத்துக்கு வெளியே படிப்பித்தாள். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரும் பஸ்ஸால் இறங்கி நடக்க வேண்டும். இளம்பெண் நொண்டினால் காயப்பட்ட போராளி என்று சந்தேகம். ஒருநாள் அவளைப் பின்னேரம்வரை மறித்து வைத்தார்கள். அதன்பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கப் பழகினாள்.

“என்னக்கா, கலியாணப் பொம்பிளை நடையோ?” என்று பகிடி பண்ணுவேன்.

“வாயைப் பொத்தடி” என்பாள். உதடு வெளுத்திருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்போதாவது வந்துபோகும் எலும்பு டொக்டர் அனுப்பினால்தான் கொழும்பில் மறு சத்திரசிகிச்சை. அவரிடம் போன அன்று எக்ஸ்ரே பிலிம் இல்லை. நடந்து காட்டச் சொன்னார். வாசலில் துவக்கோடு ஒரு ஆமிக்காரன் நின்றான். அக்கா எழும்பினாள், அவனைக் கண்டாள், சுவர்வரை நேராக நடந்து திரும்பினாள்.

“வடிவா நடக்கிறீங்கள்தானே. அடுத்த வருசம் பாப்பமாம்” என்றார் தாதி.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. “உனக்கென்ன விசரோ? நொண்ட வேண்டிய இடத்தில நொண்டாமல்?”

“யூனிபோமைக் கண்டதும் கால் தன்ரபாட்டில நேரா வந்திட்டுது. நான் என்ன செய்ய?”

நான் திரும்ப உள்ளே போய்க் கெஞ்சினேன். அடுத்த கிளினிக்குக்கு வரட்டாம். அதற்குள் சண்டை மூண்டு கொழும்புப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். டொக்டரும் வரவில்லை.

பாதை திறந்து கொழும்புக்குப் போனபோது, தேய்ந்த பிளாஸ்டிக் தூளால் சுற்றியிருந்த எலும்பு அரித்துப்போயிருந்தது. புது மூட்டைப் பிடிக்க எலும்பில்லை என்று, பழையதைக் கழற்றிவிட்டு வெறுமனே தைத்து விட்டார்கள். கால் குட்டையாகி, ஊன்றுதடிகளில்தான் நடக்க வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஊருக்குத் திரும்பும்போது அதே சாவடி. ஆமிக்காரன் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். ஊன்றுதடிகளைக் கண்டதும், இறங்க வேண்டாம், இருக்கட்டும் என்று அக்காவுக்குக் கை காட்டினான். நாங்கள் எல்லாரும் நடந்து போய்த் திரும்ப ஏறினோம். அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“என்னக்கா, நோகுதோ?”

“இல்லையடி. இப்ப நொண்ட விடுறாங்கள்.”